டேபிள் வரையும் முன் பழைய ஆர்டரைக் காட்டச் சொல்லுங்கள்

ஆர்டர்களைக் கையாளும் மென்பொருள் ஒன்றை வடிவமைக்கிறீர்கள்; தரவைச் சேமிக்கும் டேபிள்களை (அட்டவணைகளை) வரையப் போகிறீர்கள் என்று வையுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பயனர்கள் பெரும்பாலும் திரைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்குப் பதிலாக, கடைசியாகச் சிக்கல் வந்த ஆர்டர் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விதிகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பாதிச் சரக்கு மட்டும் போனால் பில் எப்படிப் போடுவார்கள்? அனுப்பிய பிறகு ரத்து செய்யலாமா? அதற்கு யார் அனுமதி தர வேண்டும்?

ஆர்டரில் பொருளின் ஐடி மட்டும் போதும், விலையைப் பொருள் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் ஒருமுறை வடிவமைத்தேன். விலை மாறிய மறுநாள் பழைய பில்களின் தொகையெல்லாம் மாறிக் கிடந்தது. ஆர்டர் போட்ட நேரத்து விலை அந்த ஆர்டருக்கே சொந்தம். அதை அங்கேயே பதிந்து வைக்க வேண்டும்.

சொற்களையும் கவனியுங்கள். 'வாடிக்கையாளர்' என்றால் விற்பனைப் பிரிவுக்கு, விசாரித்துவிட்டுப் போனவரும் சேர்த்திதான். கணக்குப் பிரிவுக்கோ பணம் கட்டுபவர் மட்டும். இருவரையும் ஒரே கிளாஸில் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைக்கும் நிரல் அலகில்) திணிக்காதீர்கள்.

அப்புறம், நிரல் எழுதும் முன் சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, துணை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அட்டைகளை முயன்று பாருங்கள். மென்பொருள் வல்லுநர்களான கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் 1989-இல் முன்வைத்த முறை இது. கிளாஸுக்கு ஓர் அட்டை: மேலே பெயர், கீழே இடப்புறம் அதன் பொறுப்புகள், வலப்புறம் அதற்குத் துணை வரும் கிளாஸ்கள். பயனரோடு உட்கார்ந்து, "இப்போது ரத்து செய்கிறோம், சரி, யார் என்ன செய்வது?" என்று அட்டை அட்டையாக நகருங்கள். ஓர் அட்டையில் எழுத இடம் போதவில்லையா, அந்த கிளாஸைப் பிரித்துவிடுங்கள்.