கெயின்ஸ்பரோவின் பூங்கா ஓவியத்தைப் பார்க்கும் முறை

நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்தில், ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோவின் ‘செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் தி மால்’ ஓவியத்தின் முன் நிற்கும்போது மனிதர்களை உடனே பார்க்காதீர்கள். மரங்களில் தொடங்குங்கள். என் ஓவிய மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்.

ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்கள். ஓவியம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம்தான். முழுவதும் பார்வையில் அடங்கிவிடும். இலைகளின் அசைவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெண்களின் பட்டு உடைகளுக்குக் கண்ணை இறக்குங்கள். இரண்டுக்கும் கெயின்ஸ்பரோவின் தூரிகை ஒரே மாதிரி வீசியிருக்கிறது. மரத்தில் அடிக்கும் காற்றே பாவாடை மடிப்புகளிலும் அடிக்கிறது. ‘சீமாட்டியின் விசிறிபோலப் படபடக்கிறது’ என்று அவர் காலத்தவர் ஒருவர் சொன்னது எவ்வளவு பொருத்தம்!

பிறகு, காவலர் அனுமதிக்கும் அளவுக்கு அருகில் செல்லுங்கள். இலை, சரிகை, தொப்பி எல்லாம் வெறும் கீற்றுகளாகக் கலைந்துவிடும். மெல்லப் பின்வாங்குங்கள், மீண்டும் உருவங்களாகக் கூடிவிடும். கெயின்ஸ்பரோ 1788இல் இறந்தபின், அவருடைய போட்டியாளரான ஜோஷுவா ரெனால்ட்ஸ் லண்டனின் ராயல் அகாடமி கலைப்பள்ளி மாணவர்களிடம் வியந்து பேசியது இந்த மாயத்தைப் பற்றித்தான். அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். அச்சில் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத இன்பம் இது.

இப்போது மனிதர்கள். ஏறத்தாழ 1783ஆம் ஆண்டு லண்டன் இது. மால் என்பது அரண்மனையை ஒட்டிய, மரங்கள் வரிசையாக நின்ற சாலை. நாகரிகமாக உடுத்தியவர்கள் பிறரைப் பார்க்கவும் பிறர் கண்ணில் படவும் அங்கே உலாவினார்கள். கெயின்ஸ்பரோ பக்கத்திலேயே, பால் மால் தெருவில் குடியிருந்தார். ஆனாலும் பொம்மைகளையும் பூங்காவின் சிறு மாதிரியையும் வைத்து இதை அமைத்தார் என்று ஒரு சமகாலக் குறிப்பு சொல்கிறது. நடுவில் வருபவர்கள் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகள்களா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு, அது நிலைநாட்டப்படவில்லை. அந்தத் தேடல் உங்களுக்கு வேண்டாம். ஒரு முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, அந்தப் பார்வை யாரிடம் போய்ச் சேருகிறது என்று தொடருங்கள். கதை அங்கேதான் நடக்கிறது.

ஒரு சிறு குறிப்பேடு கொண்டுசெல்லுங்கள். தலைகளுக்கு வட்டம், பார்வைகளுக்கு அம்புக்குறி, அவ்வளவே போதும். திரையில் பார்ப்பவர்களும் இதைச் செய்யலாம்: படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மரங்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக்கி அம்புகளைப் போடுங்கள்.