கஞ்சித் தண்ணியை மட்டும் ஊற்றாதீர்கள்: புற்றுநோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நிறுத்துவது மீன்தான். கவிச்சி ஆகாது, பத்தியம் இருக்கணும் என்று ஆளாளுக்குச் சொல்ல, கடைசியில் கஞ்சித் தண்ணிதான் மிஞ்சும். நோயாளியைப் பாதுகாப்பதாக நினைத்தே பட்டினி போடுகிறோம்.

இந்த நோயில் உடம்பு இளைப்பதற்குச் சாப்பாடு குறைவது மட்டும் காரணமில்லை. உள்ளே நடக்கும் அழற்சியால் தசையே கரைகிறது. 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் 57-க்குக் கீழே வந்துவிட்டால், 'கீமோ என்றால் அப்படித்தான்' என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொதுவாக, எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். கஞ்சித் தண்ணியில் அது கிடைக்காது. மீன், முட்டை, பருப்பு எல்லாம் நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். சுறாப்புட்டு சத்தானதுதான்; ஆனால் கதிர்வீச்சால் வாய் வறண்டவருக்கு அந்த உதிரி தொண்டையில் சிக்கும். சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) விட்டுக் குழையப் பிசைந்து கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் கருவாடு, காரம், புளி வேண்டாம்.

விழுங்க முடியவில்லை என்றதும் எல்லாவற்றையும் தண்ணியாக்குவதும் ஆபத்து. தொண்டைத் தசை தளர்ந்தவருக்குத் தண்ணிதான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போகும். குடித்தவுடன் இருமல், நீர் கோத்ததுபோல் குரல், அடிக்கடி காய்ச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். உணவுக்குழாயில் அடைப்பு என்றால் கதை நேர்மாறு: இட்லி சிக்கி நிற்கும், பால் இறங்கும். எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். படுக்கவைத்தோ, அண்ணாக்க வைத்தோ ஊற்றவே கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள்.

சாப்பாடு கொடுக்க மூக்கில் டியூப் என்றாலே ஆள் முடிந்தது என்று அழுகிறார்கள். தொண்டைக்குக் கதிர்வீச்சு எடுக்கும் பலருக்கு அது கொஞ்ச காலத்துக்குத்தான்.

'எனக்காக ஒரு வாய்' என்று கெஞ்சுவதும் வேண்டாம். பசி இல்லாதது அவர் பிடிவாதமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். கடைசி நாட்களில் உடம்பு சாப்பாடு கேட்காது. அப்போது திணித்தால் வாந்தியும் மூச்சுத்திணறலும்தான் வரும். அந்த நேரத்தில் தனியாகத் தவிக்காதீர்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரண சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.