கண்ணாடி நூடுல்ஸ் சாலட்: தாய்லாந்து யம் வுன் சென் வீட்டிலேயே செய்வது எப்படி

கண்ணாடி நூடுல்ஸுக்கென்று சொந்தமாக ஒரு சுவையும் கிடையாது. வேகவைத்து வெறுமனே வாயில் போட்டால் வழவழவென்று ஏதோ தொண்டையில் இறங்கியது தெரியும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் என்ன சாறு இருந்தாலும் உறிஞ்சிக்கொள்வதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தாய்லாந்தில் யம் வுன் சென் என்று சொல்லும் இந்தச் சாலட்டின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது: நூடுல்ஸ் சூடாக இருக்கும்போதே, நாக்கில் வைத்தால் "ஐயோ, ரொம்ப அதிகம்" என்று தோன்றுகிற அளவுக்குப் புளிப்பும் உப்பும் காரமும் உள்ள சாற்றை அதன் மேல் ஊற்றிவிட வேண்டும். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

யம் என்பது அங்கே ஒரு பெரிய குடும்பம். மாட்டிறைச்சியில் செய்தால் யம் நுவா, கடல் உணவில் செய்தால் யம் தலே, பொரித்த முட்டையை வெட்டிப் போட்டால் யம் கை தாவ், பாக்கெட் நூடுல்ஸில்கூட யம் மாமா என்று ஒன்று உண்டு (மாமா அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பாக்கெட் நூடுல்ஸ் பிராண்டு). எல்லாவற்றுக்கும் அடிப்படை எலுமிச்சைச் சாறு, ஃபிஷ் சாஸ், கொஞ்சம் சர்க்கரை, பச்சை மிளகாய். எண்ணெய் ஒரு துளி கிடையாது. தெருவோரக் கடைகளில் நாம் கேட்ட பிறகுதான் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலந்து தருவார்கள். சோற்றோடும் சாப்பிடுவார்கள், மது குடிக்கும்போது கொறிக்கவும் வாங்குவார்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த சாலட்டாகச் சாப்பிடுகிற பழக்கம் இதற்கு இல்லை, அறைச்சூட்டிலோ லேசான சூட்டிலோதான் பரிமாறுவார்கள்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது

முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அடுப்பில் இல்லை, கடையில்தான். மெல்லிய வெள்ளை நூடுல்ஸ் எல்லாம் ஒன்றே என்று நினைத்து அரிசி நூடுல்ஸை எடுத்து வந்துவிடுவார்கள். காய்ந்திருக்கும்போது இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெந்த பிறகுதான் அரிசி நூடுல்ஸ் இடியாப்பம் மாதிரி வெள்ளையாகவே நிற்கும், கண்ணாடி நூடுல்ஸ் பின்னால் இருக்கும் தட்டு தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிடும். அதனால் பாக்கெட்டைத் திருப்பி எதில் செய்தது என்று படியுங்கள். பாசிப்பயறு மாவுச்சத்து என்று இருக்க வேண்டும். சீனாவின் ஷான்டோங் மாகாணத்து லோங்கோ பெயரில் வருகிற மெல்லிய நூடுல்ஸும் இதே வகைதான், அதையும் தாராளமாக வாங்கலாம். கொரியாக்காரர்கள் ஜாப்சேவுக்குப் பயன்படுத்துவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த தடித்த, சாம்பல் நிற நூடுல்ஸ். அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் இதற்கு வேண்டாம், மென்று மென்று தாடை வலிக்கும்.

பாசிப்பயறு ஏன் என்றால், அதன் மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி அதிகம். வெந்து ஆறும்போது அது கெட்டியாக இறுகிக்கொள்கிறது, அதனால்தான் இத்தனை மெல்லிய நூல் பிசைந்தாலும் குழையாமல் நிற்கிறது. நம் வீட்டில் கிச்சடிக்கும் சுண்டலுக்கும் போடும் அதே பயறு.

அடுத்து ஃபிஷ் சாஸ். நெத்திலி வகை மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்த சாறு இது. பாட்டிலைத் திறந்து நேராக மோந்து பார்க்காதீர்கள், பார்த்தால் பயந்துவிடுவீர்கள். எலுமிச்சையோடு சேர்ந்ததும் அந்த வாடை அடங்கி ஒரு ஆழமான உப்பாக மாறிவிடும். பாட்டிலில் மீன், உப்பு, கொஞ்சம் சர்க்கரை என்று மட்டும் எழுதியிருந்தால் நல்லது. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எலுமிச்சைக்குக் கவலையே இல்லை. தாய்லாந்தில் மனாவ் என்று பிழிவதும் நம்மூரில் சாதத்துக்குப் பிழிவதும் ஒரே இனம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் மஞ்சள் லெமனை விட்டுவிட்டுப் பச்சை லைமைத் தேடிப் பிடியுங்கள், மணமே வேறு. பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரைக்கு அங்கே தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் எடுத்த வெளிர் நிறச் சர்க்கரையைப் போடுவார்கள். பெட்சபுரி மாகாணம் பனஞ்சர்க்கரைக்கே பேர்போன ஊர், வயல் வரப்பெல்லாம் பனைமரமாக நிற்கும். நம் கருப்பட்டியும் பனையிலிருந்து வருவதுதான் என்றாலும் நிறமும் புகை மணமும் தூக்கல். முழுக்க அதையே போட்டால் சாலட் பழுப்பாகி, கருப்பட்டி வாசனைதான் முன்னால் நிற்கும். பாதிக்குப் பாதி வெள்ளைச் சர்க்கரையோடு கலந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வெறும் வெள்ளைச் சர்க்கரையே போதும்.

மூன்று பேருக்குத் தேவையானவை

கண்ணாடி நூடுல்ஸ் 80 கிராம் (தாய்லாந்து பிராண்டுகளில் 40 கிராம் சின்னக் கட்டுகளாக வரும், அதில் இரண்டு). 80 கிராமா என்று கேட்காதீர்கள், ஊறினால் பாத்திரம் நிறைந்துவிடும்.
கொத்துக்கறி 150 கிராம். அங்கே பன்றிக்கறிதான் வழக்கம், கோழியும் நன்றாக இருக்கும்.
நடுத்தர இறால் 8 முதல் 10, உரித்துக் குடல்நரம்பு எடுத்தது.
சின்ன வெங்காயம் 8, தக்காளி 1, வெங்காயத்தாள் 2, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, செலரி கொஞ்சம்.
வறுத்த வேர்க்கடலை 3 டேபிள்ஸ்பூன்.
விருப்பப்பட்டால் காய்ந்த இறால் 1 டேபிள்ஸ்பூன், பிளாக் ஃபங்கஸ் என்று விற்கும் காய்ந்த காளான் நான்கைந்து துண்டு.

சாறுக்கு: எலுமிச்சைச் சாறு 4 டேபிள்ஸ்பூன் (மூன்று நான்கு பழம் பிடிக்கும்), ஃபிஷ் சாஸ் 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், காரமான சின்ன மிளகாய் 5, பூண்டு 4 பல்.

செலரி பற்றி ஒரு வார்த்தை. தாய்லாந்தில் போடுவது மெல்லிய தண்டும் நிறைய இலையும் உள்ள சீன வகை, மணம் தூக்கலாக இருக்கும். நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது தடித்த தண்டு. அதில் உள்பக்கத்து இளம் தண்டையும் இலைகளையும் மட்டும் எடுத்துப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். மிளகாய்க்குக் காந்தாரி கிடைத்தால் நல்லது, நீளப் பச்சை மிளகாயில் காரமானதாகப் பார்த்தும் போடலாம்.

சரி, இனி வேலையைத் தொடங்கலாம்.

படி 1: நூடுல்ஸை ஊறவையுங்கள்

சாதாரணத் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அவ்வளவு போதும். காளான் போடுவதாக இருந்தால் அதையும் காய்ந்த இறாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் வெந்நீரில் ஊறவைத்துவிடுங்கள். நூடுல்ஸ் ஊறிய பிறகு கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் கலக்கும்போது மொத்தமும் ஒரே சிக்காகக் கரண்டியோடு எழுந்து வரும். காய்ந்த நிலையில் வெட்டப் போகாதீர்கள், சமையலறை முழுக்கச் சிதறும்.

படி 2: சாறு தயார் செய்யுங்கள்

இதை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் நூடுல்ஸ் வெந்த பிறகு எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்க நேரம் இருக்காது. சின்ன உரலில் மிளகாயையும் பூண்டையும் ஒன்றிரண்டாக நசுக்குங்கள், மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும், சின்னச் சின்னத் துண்டுகள் வாயில் தட்டுப்பட வேண்டும். அதோடு சர்க்கரையைச் சேர்த்து நசுக்கி, ஃபிஷ் சாஸில் இரண்டரை டேபிள்ஸ்பூன் மட்டும் முதலில் ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். பிராண்டுக்கு பிராண்டு உப்பு மாறும், மீதி அரை ஸ்பூனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியாகச் சேருங்கள்.

இப்போது ஒரு துளி நாக்கில் வையுங்கள். முகம் சுளிக்க வேண்டும். முதலில் புளிப்பு, உடனே உப்பு, பின்னால் காரம் ஏறி வரும், இனிப்பு எங்கோ அடியில் இருந்துகொண்டு மற்ற மூன்றையும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவார்கள், இல்லை இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தச் சாறு தனியாகச் சாப்பிட அல்ல, சுவையே இல்லாத ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸை ஏற்றிவிட. தனியாக ருசித்தால் சரியாக இருக்கிற சாறு, கலந்த பிறகு சப்பென்றுதான் இருக்கும்.

படி 3: நறுக்குங்கள்

சின்ன வெங்காயத்தை மெல்லிய வட்டமாக, தக்காளியை விதையோடு நீளத் துண்டுகளாக, தழைகளை ஓரளவு பெரிதாக. ஊறிய காளானின் கெட்டியான அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுக் கீற்றாக நறுக்குங்கள். வேர்க்கடலையைத் தோல் நீக்கி லேசாக உடைத்தால் போதும். எல்லாம் கலக்கப் போகிற பெரிய கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

படி 4: கறியும் இறாலும்

சின்னப் பாத்திரத்தில் கால் கப் தண்ணீரைச் சூடாக்கிக் கொத்துக்கறியைப் போட்டுக் கட்டி விழாமல் உதிர்த்துக்கொண்டே வேகவிடுங்கள். எண்ணெய் விட்டு வதக்க வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் அது நூடுல்ஸில் படிந்து சாறு சரியாக ஒட்டாது, கறியும் வறண்டுபோகும். சிவப்பு துளியும் இல்லாமல் முழுதாக வெந்ததும் இறாலைச் சேருங்கள், அது சுருண்டு நிறம் மாற இரண்டு நிமிடம் போதும். அடியில் மூன்று நான்கு ஸ்பூன் கறிச்சாறு மிஞ்சியிருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். எலுமிச்சையின் கூர்மையைக் கொஞ்சம் தணித்து வாய்க்கு நிறைவு தருவது அதுதான், தாய்லாந்துச் சமையலில் அதை அப்படியே கிண்ணத்தில் சேர்த்துவிடுவார்கள்.

படி 5: நூடுல்ஸை வேகவையுங்கள்

நிறையத் தண்ணீர், நன்றாகக் கொதிக்க வேண்டும். ஊறிய நூடுல்ஸைப் போட்டு ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. ஒரு நூலை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: நடுவில் வெள்ளைக் கோடு தெரியக் கூடாது, ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். உடனே வடிகட்டியில் கொட்டி நன்றாக உதறுங்கள், நாலு தடவை உதறினாலும் தப்பில்லை. நூலிடுக்கில் தங்குகிற தண்ணீர்தான் சாற்றைக் கெடுக்கும். சிலர் குளிர்ந்த தண்ணீரில் அலசுவார்கள், ஒட்டாது என்பது உண்மைதான். நான் அலசுவதில்லை, சூட்டோடு இருக்கும் நூடுல்ஸ் சாற்றை இழுக்கிற வேகம் ஆறிப்போனதற்கு வராது.

படி 6: கலக்குங்கள்

சூடான நூடுல்ஸ், கறி, இறால், மிஞ்சிய கறிச்சாறு, ஊறிய காய்ந்த இறால், காளான் எல்லாவற்றையும் பெரிய கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சை மிளகாய்ச் சாறு முழுவதையும் ஊற்றி அடியிலிருந்து புரட்டுங்கள். முதலில் கிண்ணத்தின் அடியில் குளமாக நிற்கும். இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள், பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

அப்புறம் வெங்காயம், தக்காளி, செலரி, வெங்காயத்தாள், பாதி கொத்தமல்லி. இவற்றை முதலிலேயே போட்டால் சூட்டில் வதங்கிவிடும். இப்போது ருசி பாருங்கள். சப்பென்று இருந்தால் எடுத்து வைத்த ஃபிஷ் சாஸ், உப்பு சரியாக இருந்தும் மந்தமாகத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் எலுமிச்சை. கட்டிக்கொண்டு வறண்டிருந்தால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்துப் புரட்டிவிட்டு மறுபடி உப்பும் புளிப்பும் பாருங்கள். தட்டில் எடுத்து வேர்க்கடலையையும் மீதிக் கொத்தமல்லியையும் மேலே தூவுங்கள். பக்கத்தில் பச்சை முட்டைகோஸ் துண்டு, வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டால் காரத்துக்கு இதமாக இருக்கும்.

சைவமாகச் செய்ய

கறிக்குப் பதில் பொடியாக நறுக்கிய காளானும் கெட்டியான டோஃபுவும், வேகவைப்பது அதே மாதிரி கொஞ்சம் தண்ணீரில்தான். ஃபிஷ் சாஸுக்குப் பதில் லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூனும் அரை டீஸ்பூன் உப்பும். டார்க் சோயா சாஸ் ஊற்றினால் கண்ணாடி நூடுல்ஸ் கறுத்துவிடும். தாய்லாந்தில் வருடத்துக்கு ஒரு முறை ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் அப்போது கிடைக்கிற உணவில் இறைச்சி மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை, ஆனால் பூண்டு வெங்காயம் சாப்பிடாதவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம், செலரியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீந்துபோனால் என்ன செய்வது? கூடிய வரை மீதம் வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்திலேயே நூடுல்ஸ் இருக்கிற சாறையெல்லாம் குடித்து உப்பிவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்து வெளிறிப்போகும். விருந்தாளிகள் தாமதமாக வருவார்கள் என்று தெரிந்தால் 4ஆம் படி வரை முடித்துக் கறியையும் சாறையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள். நூடுல்ஸ் ஊறவைப்பதை மட்டும் அப்போது விட்டுவிட்டு, அவர்கள் செருப்பைக் கழற்றும்போது தண்ணீரில் போடுங்கள். அது ஊறுவதற்குள் உலை கொதித்துவிடும், கறியையும் இன்னொரு அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.