டேனிஷ் பேசும்போது ஆங்கிலத்தை எங்கே விட்டுவிட வேண்டும்?

ஆங்கிலம் வழியாக டேனிஷ் படிப்பவர்களுக்குத் தொடக்கம் சுலபமாகப் போகும். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. ஆங்கிலத்தில் ‘ஆம்’, ‘ஆர்’, ‘இஸ்’ (am, are, is) என்று மாறுவது இங்கே நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே ‘எர்’தான். சொற்களிலும் ஆங்கிலச் சாயல் தெரியும். அதை நம்பி ஆங்கில வாக்கியத்தில் டேனிஷ் சொற்களை இட்டு நிரப்பும்போதுதான் சிக்கல். (டேனிஷ் சொற்களை இங்கே ஏறக்குறைய ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம்.)

முதலில் திருத்த வேண்டியது வினையின் இடம். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில்தான் நிற்கும். ‘நாளை நான் பயணம் போகிறேன்’ என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் ‘இ மோர்ன் யாய் ரைஸர்’ என்று சொல்லிவிடுவார்கள். சரியானது ‘இ மோர்ன் ரைஸர் யாய்’. ‘நாளை’ முதலிடத்தைப் பிடித்துக்கொண்டால் ‘நான்’ வினைக்குப் பின்னால் போயாக வேண்டும். இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது சொல் அல்ல. ‘நாளை எட்டு மணிக்கு’ என்று நீட்டினாலும் அது ஒரே இடம்தான். ‘மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்’ என்பதிலோ ‘மழை பெய்தால்’ முழுவதுமே ஓர் இடம்: ‘வெஸ் டே ரைனர், ப்ளீர் யாய் யெம்மெ’. காற்புள்ளிக்குப் பிறகு உடனே வினை. நன்றாகப் பேசுகிறவர்களும் இங்கே வழுக்குவதுண்டு.

துணை வாக்கியத்தில் ‘இக்கெ’ (இல்லை) இடம் மாறும். ‘யாய் கேன் இக்கெ கொம்மெ’ என்றால் என்னால் வர முடியாது. ‘ஏனென்றால்’ சேர்ந்ததும் ‘ஃபொடீ யாய் இக்கெ கேன் கொம்மெ’. ‘இக்கெ’ வினைக்கு முன்னால் வந்துவிடும்.

அடுத்தது ‘ஸின்’, ‘ஹேன்ஸ்’ குழப்பம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறுகிறார்கள். தமிழருக்கு இது கைவந்தது: ‘ஸின் கோனெ’ தன் மனைவி, ‘ஹேன்ஸ் கோனெ’ வேறொருவனின் மனைவி. ‘அவன் தன் மனைவியை நேசிக்கிறான்’ என்பதில் ‘ஹேன்ஸ்’ போட்டால் பொருள் விபரீதமாகிவிடும். ஆங்கிலத்தைக் கேட்காமல் ‘தன்’னைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ‘தங்கள்’ என்று பன்மையில் வரும் இடத்தில் ‘ஸின்’ கிடையாது, ‘டேரெஸ்’தான்.

தொழிலைச் சொல்லும்போதும் தமிழ் போலவே: ‘யாய் எர் லேரர்’, நான் ஆசிரியர். நடுவில் ‘என்’ (ஒரு) வேண்டாம்.

பெயர்ச்சொற்களில் ‘என்’ வகை, ‘எட்’ வகை என்று இரண்டு உண்டு. ஏறக்குறைய முக்கால்வாசி ‘என்’. எந்தச் சொல் எந்த வகை என்று சொல்ல நம்பகமான விதி இல்லை, அதனால் ‘ஹூஸ்’ (வீடு) என்று தனியே படிக்காமல் ‘எட் ஹூஸ்’ என்றே மனத்தில் ஏற்றுங்கள். ‘அந்த வீடு’ என்று குறிப்பிட்டுச் சொல்ல ‘எட்’ வால்பகுதிக்குப் போய் ‘ஹூஸெத்’ ஆகும். நடுவில் பெயரடை வந்தால் வால் கழன்றுவிடும்: ‘டே ஸ்டோரெ ஹூஸ்’, அந்தப் பெரிய வீடு. இங்கே முன்னால் ‘டே’, பின்னால் ‘ஹூஸெத்’ என்று இரண்டையும் சேர்ப்பது ஸ்வீடிஷ் பழக்கம், டேனிஷில் பிழை.

தமிழும் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: ‘தெரியும்’. ஒரு தகவல் தெரியும் என்றால் ‘வேத்’, ஓர் ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் ‘கென்னர்’, டேனிஷ் தெரியும் என்றால் ‘கேன்’. மூன்றையும் தனித்தனியாகவே பழக வேண்டும்.

செய்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘எர்’ சேர்க்காதீர்கள். வெறும் ‘யாய் லேஸர்’ (படிக்கிறேன்) போதும். வேண்டுமானால் ‘யாய் ஸெதர் ஒ லேஸர்’, உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ‘ஒ’ எழுத்தில் தொல்லை தரும். ‘ஓ-ஜி’ (og) என்று எழுதும் சொல்லும், வினைக்கு முன் வரும் ‘ஏ-டி’யும் (at) ஒரே மாதிரி ஒலிப்பதால் டேனிஷ்காரர்களே மாற்றி எழுதுகிறார்கள். வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘ஸேத் ஒ லேஸ்டெ’ என்று இரண்டு வினையும் மாறினால் ‘ஓ-ஜி’. ‘எல்ஸ்கெதெ ஒ லேஸெ’ (படிப்பதை மிகவும் விரும்பினேன்) போல முதல் வினை மட்டும் மாறினால் ‘ஏ-டி’.