பழைய மெயிலைத் தூசி தட்டும்போது

மாதக்கணக்கில் கிடந்த மெயில் பேச்சைத் தொடர வேண்டுமா? 'ரிப்ளை ஆல்' அடித்து "இது என்னாச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் சப்ஜெக்டை மாற்றுங்கள். கணினியில் ஜிமெயில் என்றால், பதில் பெட்டியின் இடது மேல் அம்புக்குறியைச் சொடுக்கினால் 'எடிட் சப்ஜெக்ட்' வரும். "வாடகை ஒப்பந்தம்: புதுப்பிப்பு (மார்ச் பேச்சின் தொடர்ச்சி)" என்பதுபோல எழுதலாம். அடுத்து, அன்று முடிவானது என்ன, இப்போது தேவை என்ன என்று இரண்டே வரி.

சப்ஜெக்ட் மாறினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகக் காட்டும். பழைய குவியலுக்குள் புதையாது. முந்தைய பேச்சு மூன்று புள்ளிக்குள் மறைந்திருக்கும், அதைத் திறந்து படிப்பவர் குறைவு. பழைய கோப்பும் ரிப்ளையில் போகாது, ஃபார்வர்டில்தான் போகும். ஆகவே மறுபடி இணைத்துவிடுங்கள். பெறுநர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், வேலையை விட்டுப் போனவர் அதில் இருக்கலாம்.

புகார் எண்ணோடு வந்த வாடிக்கையாளர் சேவை மெயிலில் மட்டும் சப்ஜெக்டைத் தொடாதீர்கள். அந்த எண் விடுபட்டால் புதுப் புகாராகப் பதிவாகிவிடக்கூடும். நாலைந்து நாள் பழைய மெயிலுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம்.