பேசில்லஸிலிருந்து புரோட்டியேஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

என்சைம் எடுத்துப் பழக பேசில்லஸ் நல்ல பாக்டீரியா. புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸை அது தன் செல்லுக்கு வெளியே விட்டுவிடும். செல்லை உடைக்கும் வேலை நமக்கு இல்லை.

மண்ணைக் கரைத்து, 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, ஸ்கிம் மில்க் அகாரில் பரப்பினால் பேசில்லஸ் கிடைக்கும். மறுநாள் பால்வெள்ளைத் தட்டில் சில காலனிகளைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல வளையம் தெளிந்திருக்கும். அங்கே பால் புரதம் செரித்துவிட்டது. ஆனால் உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் இதே வளையத்தைக் காட்டும். அதனால் சண்டிகரின் எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன்.

பாக்டீரியாவைத் திரவ வளர்ப்பு ஊடகத்தில் விட்டு 37 டிகிரி, 150 ஆர்பிஎம் ஷேக்கரில் 48 மணி நேரம். கலங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான் என்சைம் ஏறும். குளுக்கோஸை அள்ளிப் போட்டாலும் குறையும்.

அப்புறம் 4 டிகிரியில், 10,000 ஆர்பிஎம்மில் 15 நிமிடம் சென்ட்ரிபியூஜ். செல்கள் அடியில் தங்கும், என்சைம் மேல்நீரில் இருக்கும். இனி எல்லாமே ஐஸில்தான். புரோட்டியேஸும் ஒரு புரதம்தானே, சூட்டில் விட்டால் தன்னையே தின்றுவிடும்.

அடுத்தது, என்சைமை வீழ்படிவாக்க (திடமாகப் பிரித்தெடுக்க) அம்மோனியம் சல்பேட் உப்பு. 70 சதவீதத் தெவிட்டு நிலைக்கு (saturation), பூஜ்ஜியம் டிகிரியில், 100 மில்லிக்கு 43.6 கிராம். உப்பை இடித்துப் பொடியாக்கி, மெதுவாகக் கலக்கியபடி ஒரு சிட்டிகை கரைந்ததும் அடுத்த சிட்டிகை போடுங்கள். நுரை வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுபடி சுழற்றி, வீழ்படிவைக் கொஞ்சம் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசல்) கரையுங்கள்.

உப்பை வெளியேற்ற டயாலிசிஸ்: கரைசலைச் சவ்வுப் பையில் ஊற்றி பஃபரில் மூழ்கவைப்பது. பையை நிரம்ப ஊற்றாதீர்கள். நீரை உறிஞ்சிப் பை வீங்கும், இடமில்லாவிட்டால் வெடிக்கும். பஃபரை மூன்று முறை மாற்றினால் போதும்.

அடுத்தது காலம் (column), மின்னூட்டத்தை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் குழாய். இதில்தான் நான் ஏமாந்தேன். pH 8-இல், நேர்மின்னூட்டமுள்ள டிஇஏஇ பிசின் நிரப்பிய குழாயில் ஏற்றி, ஒட்டாமல் வழிந்ததை சிங்கில் கொட்டிவிட்டு, ஒட்டியதில் என்சைமைத் தேடினேன். துளிகூட இல்லை. இந்தக் காரப் புரோட்டியேஸின் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்ஜியமாகும் pH) 9-க்கு மேல். pH 8-இல் அது நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால் டிஇஏஇயில் ஒட்டாமல் வழிந்துவிடும். அளந்து பார்க்கும்வரை எதையும் கொட்டாதீர்கள்.

என்சைமின் செயல்பாட்டை அளக்கக் கேசீன் என்ற பால் புரதம்: 37 டிகிரியில் பத்து நிமிடம் செரிக்கவிட்டு, டிசிஏ அமிலத்தால் நிறுத்தி, ஃபோலின் வினைபொருள் தரும் நிறத்தை 660 நானோமீட்டரில் படியுங்கள். என்சைம் செயல்பாட்டு யூனிட்டைப் புரத மில்லிகிராமால் வகுத்தால் வருவது ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி. படிக்குப் படி அது ஏறினால் சரி.

இந்த என்சைமைச் சோப்புத்தூளில் சேர்க்கத் தயாரிக்கும் கம்பெனிக்கு இந்தக் குழாய்ப் பிரிப்பு வேண்டாம். வடித்து, அல்ட்ராஃபில்ட்ரேஷனில் அடர்த்தியாக்கி, மேல்பூச்சிட்ட மணிகளாக்கிவிடுவார்கள். 1960-களில் வெறும் தூளாகக் கையாண்ட தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது, அதனால்தான் மணி. லேபில் உலர்ந்த தூளைத் தொட்டால் நீங்களும் மாஸ்க் போடுங்கள்.