சூறாவளிப் பருவத்தில் கப்பல் சுற்றுலா: காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

அட்லாண்டிக் பெருங்கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். செப்டம்பர் 10ஆம் தேதியை ஒட்டி அது உச்சத்தைத் தொடுகிறது. இந்த மாதங்களில் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் செல்பவர்கள், முன்பதிவு செய்த கையோடு பயணக் காப்பீட்டையும் எடுத்துவிட வேண்டும். ஏனெனில், புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு, பொதுவாக அந்தப் புயலால் ஏற்படும் இழப்பை ஏற்பதில்லை. கப்பல்கள் புயலை விட்டு விலகிச் செல்லக்கூடியவை என்பதால், பெரும்பாலும் மாறுவது பயணத் திட்டமே. மெக்சிகோவின் கோசுமெல் தீவை எதிர்பார்த்து ஏறியவர் பஹாமாஸ் தலைநகர் நசாவில் இறங்க நேரிடலாம். அதற்கு இழப்பீடு கேட்க, கப்பல் நிறுவனத்துடனான பயண ஒப்பந்தம் பொதுவாக இடம் தருவதில்லை. துறைமுகம் மூடப்பட்டால் திரும்புவதும் தாமதமாகலாம். ஆகவே, அன்றாட மருந்துகளைச் சில நாட்களுக்குக் கூடுதலாக எடுத்து, பெட்டியில் அல்லாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.